எழுதும்போதே சோதிப்பது: மென்பொருள் தேவைகளைத் தரம் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

மொரீஷியஸின் எபேனில் ஒரு மீட்டிங். கிளையன்ட் பிரெஞ்சில் சொன்னார்: "ஓன் வா நெத்வாயே லா லிஸ்த்." வாடிக்கையாளர் பட்டியலைச் சுத்தம் செய்துவிடுவோம் என்று அர்த்தம். நான் ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டேன்: "வீ வில் கிளீன் த கஸ்டமர் லிஸ்ட் பிஃபோர் கோ-லைவ்." எல்லாரும் தலையாட்டிவிட்டு தால் பூரி சாப்பிடப் போய்விட்டோம்.

கோ-லைவ் அன்று, அதாவது மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்த நாளில், பட்டியல் அழுக்காகவே இருந்தது. ஒரே ஆள் மூன்று முறை இருந்தார்: ஒருமுறை குடும்பப் பெயர் முன்னால், ஒருமுறை பின்னால், ஒருமுறை 7 இலக்க மொபைல் எண்ணோடு. மொரீஷியஸில் மொபைல் எண்களுக்கு முன்னால் 5 சேர்த்து 8 இலக்கமாக்கியது 2013ல். அதற்கு முந்தைய பதிவுகளை யாரும் தொட்டிருக்கவில்லை. அந்த எண்களுக்கு அனுப்பிய எஸ்.எம்.எஸ். ஒன்றும் போய்ச் சேரவில்லை. சுத்தம் செய்யப்போவது நாங்கள் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள், அவர்கள் என்று நாங்கள் நினைத்திருக்கிறோம். கோடில் (நிரலில்) பிழை இல்லை. டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ். பிழை இருந்தது "வீ" என்ற ஒரு சொல்லில்.

தமிழில் அதற்கு இரண்டு சொல் உண்டு. நாம் என்றால் கேட்பவரும் சேர்த்தி, நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே. "செய்துவிடுவோம்" என்று வினையை மட்டும் எழுதித் தமிழிலும் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் யார் என்று எழுதக் கை வைத்தால் நின்று யோசித்தே ஆக வேண்டும். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். கிளையன்ட் பிரெஞ்சில் சொன்னாலும் டீம் இந்த ஊர்ப் பேச்சு மொழியான கிரியோலில் பேசினாலும், ஆவணத்தில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு தேவையையும் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே ஓட்டை இருக்கும்.

ஆபீஸில் ரிக்வயர்மென்ட் என்று சொல்வதைத்தான் இங்கே தேவை என்று எழுதுகிறேன். தரம் பார்ப்பது என்றால் செயலி தயாரான பிறகு டெஸ்டர் செய்யும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வழிகாட்டி அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றியது: ஒரு வரி கோடும் எழுதாத நிலையில், தேவையையே எப்படிச் சோதிப்பது? ஆபீஸ் வேலையை அப்படியே காட்ட முடியாது என்பதால், நானும் ரோஸ் ஹில்லைச் சேர்ந்த ஒரு டெவலப்பர் தம்பியும் சும்மா செய்துகொடுத்த ஒரு சின்ன வேலையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு கோவிலுக்குத் தைப்பூசக் காவடிப் பதிவுச் செயலி.

படி 1: நோட்டின் ஓரத்தைப் படியுங்கள்

கோவில் சொசைட்டித் தலைவர் எங்களிடம் சொன்ன தேவை ஒரே வரி: "பக்தர்கள் எளிதாகவும் விரைவாகவும் பதிவு செய்து ரசீது பெற வேண்டும்." நல்ல மனிதர். ஆனால் பதிவு மேசையில் உட்காருவது அவர் இல்லை. பல வருடமாக உட்காருவது ஒரு அக்கா. கிரியோலில் பேசுவார், நடுநடுவே தமிழ் வரும். எங்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தோம். கோடு போட்ட கட்டங்களில் பெயர், வயது, போன், காவடியா பால்குடமா என்று நான்கு விஷயம். இதை யார் வேண்டுமானாலும் ஊகித்திருக்கலாம். ஆனால் ஓரத்தில் பென்சிலில் சின்னச் சின்னக் குறிப்புகள் இருந்தன. ஒருவருக்கு நேராக "சர்க்கரை மருந்து". இன்னொருவருக்கு நேராக "அம்மா கூட நடப்பார்". ஐந்து பெயர்களைச் சேர்த்து ஒரு வளைவு போட்டு, பக்கத்தில் ஒரே போன் எண்.

அந்த வளைவு ஒன்றே எங்கள் திட்டத்தில் பாதியைக் கவிழ்த்துவிட்டது. போன் எண்ணை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்று தம்பி தரவைச் சேமிக்கும் டேபிளின் வடிவமே போட்டு வைத்திருந்தான். ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது நடக்காது. அதைவிட முக்கியம், "பக்தர்கள் பதிவு செய்ய வேண்டும்" என்பதே உண்மையில்லை. பதிவு செய்வது அக்கா. வீட்டில் ஒருவர் வந்து ஐந்து பேருக்கும் சொல்லிவிட்டுப் போகிறார்.

ஆக முதல் படி இதுதான்: தேவையைச் சொல்பவரோடு நிறுத்தாமல், இப்போது அந்த வேலையைக் கையால் செய்பவர் பக்கத்தில் அரை நாள் உட்காருங்கள். எக்செல் ஃபைல் என்றால் கமென்ட்களையும் மஞ்சள் அடித்த கட்டங்களையும் பாருங்கள். பேப்பர் படிவம் என்றால் அடித்துத் திருத்திய இடங்களைப் பாருங்கள். கட்டத்துக்குள் அடங்காதவைதான் நமக்குச் சொல்லப்படாத தேவைகள்.

படி 2: ஒரு வாக்கியம், ஒரு தேவை, நிபந்தனை முன்னால்

ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் அலிஸ்டர் மாவினும் அவருடைய குழுவினரும் 2009ல் வெளியிட்ட ஒரு முறை இருக்கிறது. இயர்ஸ் என்று பெயர். விமான இஞ்சின் தேவைகளை எழுத உருவானது. எப்போது, எந்த நிலையில், என்ன கோளாறு நேர்ந்தால் என்பதை முதலில் சொல்லி, அப்புறம் அமைப்பு என்ன செய்ய வேண்டும் என்று முடிப்பார்கள். ஆங்கிலம் எழுதுபவர்களுக்கு இதற்குப் பயிற்சி தேவைப்படுகிறது. நமக்கு வாக்கியமே இந்த வரிசையில்தான் வரும்: வந்ததும், இருக்கும்வரை, இல்லாவிட்டால், கடைசியில் வினை.

தலைவரின் ஒற்றை வரியை இப்படி உடைத்தோம்:

கா-1: மேசையில் பதிவு செய்பவர், பக்தரின் பெயர், பிறந்த தேதி, தொடர்பு எண், காவடி வகை நான்கையும் நிரப்பிச் சேமித்ததும், செயலி ஒரு பதிவு எண்ணைக் காட்ட வேண்டும்.

கா-2: பதிவு எண் உருவானதும், செயலி அதைத் தொடர்பு எண்ணுக்கு எஸ்.எம்.எஸ்.ஸாக அனுப்ப வேண்டும்.

கா-3: பக்தருக்கு 16 வயது நிறையாதிருந்தால், பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் பதிவாகும்வரை செயலி பதிவு எண் தரக் கூடாது.

கா-4: இணையம் இல்லாதபோது, செயலி பதிவைப் போனிலேயே வைத்திருந்து, இணையம் திரும்பியதும் சேர்க்க வேண்டும்.

கா-3 தலைவர் சொன்னதும் இல்லை, நோட்டில் இருந்ததும் இல்லை. மொரீஷியஸின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் வேண்டும். அதே சட்டத்தில் மத நம்பிக்கையும் உடல்நலமும் தனிக் கவனம் வேண்டிய தரவு வகைகள். "சர்க்கரை மருந்து" என்ற பென்சில் குறிப்பு செயலிக்குள் போகும்போது அதை யார் யார் பார்க்கலாம் என்பதும் ஒரு தேவையாகிவிடுகிறது. பயனரிடம் கேட்டு வாங்குபவை, சட்டம் விதிப்பவை, பக்கத்து மென்பொருளிலிருந்து வருபவை என்று மூன்று இடத்திலும் தேடினால்தான் பட்டியல் நிறையும்.

ஒவ்வொரு தேவைக்கும் எண் போட மறக்காதீர்கள். சின்ன விஷயம்தான், படி 7ல் உயிரைக் காப்பாற்றும்.

படி 3: சொற்களைச் சலியுங்கள்

எழுதியதைச் சொல் சொல்லாகப் பார்க்கும் நேரம். எளிதாக, விரைவாக, உடனடியாக, போதுமான அளவு, தேவைப்பட்டால், முதலியன. இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் நிறுத்துங்கள். "முதலியன" என்று எழுதியவருக்கே அடுத்த உருப்படி தெரியாது என்பது என் அனுபவம்.

ஆங்கிலத்தில் வந்த ஆவணம் என்றால் "மே" என்ற சொல்லைத் தேடுங்கள். "சிஸ்டம் மே செண்ட் அன் எஸ்.எம்.எஸ்." இதைத் தமிழில் சொல்லுங்கள். அனுப்பலாம் என்றால் அனுமதி. அனுப்பக்கூடும் என்றால் நடக்கவும் வாய்ப்புண்டு, நடக்காமலும் போகலாம். இரண்டில் எது? எழுதியவரிடம் போய்க் கேட்டால் பெரும்பாலும் மூன்றாவதாக "அனுப்ப வேண்டும்" என்பதுதான் பதிலாக வரும்! இணைய நெறிமுறைகளை எழுதுபவர்கள் இந்தத் தலைவலிக்காகவே 1997ல் ஆர்.எஃப்.சி. 2119 என்று ஓர் ஆவணம் போட்டு, கட்டாயம், பரிந்துரை, விருப்பம் மூன்றுக்கும் எந்தச் சொல் என்று வரையறுத்துவிட்டார்கள். நம் டீமுக்கும் அரைப் பக்கத்தில் அப்படி ஒன்று எழுதி வைப்பது நல்லது.

எல்லாவற்றிலும் ஆபத்தான சொல் என்று நான் நினைப்பது "வழக்கம்போல்". வழக்கம் என்பது அது உடையும்வரை கண்ணுக்குத் தெரியாது. இங்கே இதற்கு ஓர் ஊரறிந்த உதாரணம் உண்டு. மொரீஷியஸ் ரூபாய் நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், அதற்கடுத்து இந்தி என்பது பழைய வரிசை. 1998ல் மத்திய வங்கி வெளியிட்ட புதிய நோட்டுகளில் இந்தி மேலேயும் தமிழ் கீழேயுமாக வந்தது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. தொகை சரி, மொழிகள் மூன்றும் இருக்கின்றன. ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இவற்றை மட்டும் கேட்டால் அந்த நோட்டு பாஸ் ஆகியிருக்கும். வரிசைதான் தேவை. யாராவது "வழக்கம்போல் இருக்கட்டும்" என்று சொன்னால், அந்த வழக்கத்தின் ஒரு மாதிரியைக் கையில் வாங்கி, அதில் எவை மாறக் கூடாது என்று விரல் வைத்துக் கேளுங்கள்.

எண்களும் தேதிகளும் தனி வம்பு. பிரெஞ்சுக் கிளையன்ட் 1 250,50 என்று எழுதுவார், ஆங்கில ஆவணத்தில் அது 1,250.50. அமெரிக்க முறையில் எழுதிய லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்று உள்ளே இருந்தால் 04/02 ஏப்ரல் ஆகிவிடும். ஒரு வரியில் வடிவத்தை எழுதிவிட்டு நகருங்கள்.

படி 4: "இதை எப்படிச் சோதிப்பாய்?"

டெஸ்டர் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியை ஒவ்வொரு தேவையிடமும் இப்போதே கேட்க வேண்டும். பதில் இல்லாத தேவை இன்னும் ஆசைதான்.

நல்ல தேவை எப்படி இருக்கும் என்று புதிதாக வருபவர்களுக்குக் காட்ட நான் எடுப்பது இந்தத் தீவின் சூறாவளி எச்சரிக்கையை. 4ஆம் நிலை என்றால் என்ன? மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று பதிவாகிவிட்டது, அது தொடரும் என்றும் எதிர்பார்க்கப்படுகிறது. "பலத்த காற்று" என்று சொல்லவில்லை. எண் இருக்கிறது, அளக்கக் கருவி இருக்கிறது, அளந்தபின் என்ன செய்ய வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சரி, எங்கள் "விரைவாக" என்ன ஆயிற்று? அக்கா ஒருவரை நோட்டில் எழுதுவதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தோம். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. அதைவிட மெதுவாக இருந்தால் செயலியை மூடிவிட்டு நோட்டை எடுத்துவிடுவார், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. எனவே தேவை இப்படி ஆயிற்று: இரண்டு மேசைகளிலும் ஒரே நேரத்தில் பதிவு நடக்கும்போது, கோவில் மண்டபத்தின் 4ஜி இணைப்பில், அக்கா ஒருவரின் பதிவைத் தொடங்கி எண் பெறுவதற்கு 60 நொடிக்கு மேல் ஆகக் கூடாது. யார், எங்கே, எந்தச் சூழலில், எவ்வளவு. "பக்கம் 2 நொடியில் வர வேண்டும்" என்று எங்கிருந்தோ பார்த்து எழுதுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்களிடம் பதில் இருக்கிறது.

படி 5: மூன்று பேர், நான்கு நிறம்

தேவையைச் சொல்பவர், கட்டுபவர், சோதிப்பவர் மூவரும் அரை மணி நேரம் உட்கார வேண்டும். எக்ஸாம்பிள் மேப்பிங் என்று ஒரு முறை உண்டு: மஞ்சள் அட்டையில் தேவை, நீல அட்டையில் விதி, பச்சையில் உதாரணம், சிவப்பில் கேள்வி. அட்டை இல்லாவிட்டால் வண்ணப் பேனா போதும். முக்கியம் பச்சை. பொதுவாகப் பேசும்போது எல்லாரும் ஒத்துப்போவோம், உதாரணம் சொல்லும்போதுதான் சண்டை வரும். அந்தச் சண்டை இப்போதே வரட்டும்.

கொடியேற்றத்தில் தொடங்கி 10 நாள் விரதம். ஒருவர் ஆறாம் நாள் வந்து பதிவு செய்தால்? தலைவர் சட்டென்று "கூடாது" என்றார். அக்கா சிரித்தார். "வீட்டில் முதல் நாளிலிருந்தே விரதம் இருந்திருப்பான், வேலை முடிந்து இன்றைக்குத்தான் வர முடிந்திருக்கும். எழுதிக்கொள்வேன்." ஆக விதி பதிவுத் தேதியைப் பற்றியது இல்லை, விரதம் தொடங்கிய தேதியைப் பற்றியது. செயலியில் அப்படி ஒரு கட்டமே அதுவரை இல்லை. சிவப்பு அட்டைகள் அதிகமாகக் குவிந்தால் அந்தத் தேவை இன்னும் கோடுக்குத் தயார் இல்லை, அவ்வளவுதான்.

படி 6: வாசித்தல், பிறகு ஒப்புதல்

ஐ.பி.எம்.மில் இருந்த மைக்கேல் ஃபேகன் 1976ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து முறையான ஆய்வுக் கூட்டம் என்ற வழக்கம் பரவியது. அவர் டிசைனையும் கோடையும் வைத்துச் செய்தார், தேவைகளுக்கும் அது அப்படியே பொருந்தும். அதில் எனக்குப் பிடித்த பகுதி, எழுதியவர் வாசிக்கக் கூடாது. வேறொருவர் ஒவ்வொரு வரியையும் தன் சொற்களில் எடுத்துச் சொல்ல வேண்டும். எழுதியவர் மனதில் இருப்பதும் தாளில் இருப்பதும் எங்கே பிரிகின்றன என்று அப்போது தெரியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், நான்கைந்து பக்கத்துக்கு மேலும் வேண்டாம். கண்டுபிடிப்பது மட்டும் கூட்டத்தில், திருத்துவது அப்புறம்.

காவடிச் செயலியில் வாசித்தது தம்பி. கா-1ஐயும் கா-4ஐயும் அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். "அண்ணா, இணையம் இல்லாதபோது இரண்டு மேசையும் தனித்தனியாக எண் கொடுத்தால், இரண்டு பேருக்கும் 214 வருமே?" தனித்தனியே பார்த்தால் இரண்டு தேவையும் சுத்தம். சேர்த்துப் பார்த்தால் முட்டுகின்றன. மேசைக்கு ஓர் எழுத்து முன்னால் சேர்த்தோம்: அ-214, ஆ-214. தாளில் ஒரு வரி மாற்றம். இதே விஷயம் காவடி அன்று காலையில் தெரிந்திருந்தால்?

தேவைகளின் தரத்துக்கு ஐ.எஸ்.ஓ. 29148 என்று ஒரு நியமமே இருக்கிறது, கடைசியாக 2018ல் திருத்தப்பட்டது. அவசியமானதா, ஒரே பொருள் தருகிறதா, முழுமையா, ஒற்றைத் தேவையா, செய்ய முடியுமா, சோதிக்க முடியுமா என்று போகும் அதன் பட்டியலைக் கூட்டத்தில் கையில் வைத்துக்கொள்ளலாம். இப்போது பலர் ஆவணத்தை ஏ.ஐ. சாட்டில் போட்டும் பார்க்கிறார்கள். படி 3ன் சலிப்பு வேலையை அது நன்றாகவே செய்கிறது. நோட்டின் ஓரத்தில் இருந்ததை அதனால் சொல்ல முடியாது, அது அந்த மேசையில் உட்கார்ந்ததில்லை. கிளையன்ட் ரகசியம் உள்ள ஆவணத்தை அனுமதியில்லாமல் அதில் போடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒப்புதல் விஷயத்தில் இந்த ஊருக்கே உரிய ஒரு எச்சரிக்கை. மீட்டிங் முடிவில் எல்லாரும் "கொரெக்" என்பார்கள். கிரியோலில் அதற்குச் சரி, நலம், பிரச்சினை இல்லை, போகலாமா என்று பல அர்த்தம். கொரெக் என்பது சைன்-ஆஃப் (முறையான ஒப்புதல்) இல்லை. தேவை எண்களைப் போட்டு ஒரு மெயில், அதற்கு எழுத்தில் பதில், அதுதான் சைன்-ஆஃப். நான் கையெழுத்துக் கேட்பதற்கு முன் இன்னொன்றும் செய்வேன். இரண்டு பச்சை உதாரணங்களை எடுத்து, விடையை மறைத்து, "இந்த ஆளுக்கு என்ன நடக்க வேண்டும்?" என்று கிளையன்டையே கேட்பேன். அவர் விடையும் ஆவண விடையும் வேறு என்றால் கையெழுத்துக்கு அவசரமில்லை.

படி 7: மாறும்போது

மாறாத தேவை கிடையாது. மொரீஷியஸில் ஆண்டு இறுதியில் 13வது மாதச் சம்பளம் உண்டு, சம்பள மென்பொருள் எழுதும் எல்லாருக்கும் தெரிந்தது. 2024 இறுதியில் 14வது மாதமும் அறிவிக்கப்பட்டது. 13 என்ற எண்ணைக் கோடுக்குள் ஆணி அடித்து வைத்தவர்களுக்கு அந்த டிசம்பர் எப்படிப் போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: இந்த ஊர் நேரம் கிரீன்விச்சைவிட 4 மணி முன்னால், எப்போதும் அப்படித்தான் என்று எழுதிவிடுவோம். 2008 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை கோடைக்கால நேரம் என்று ஒரு மணி கூட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். எண், தேதி, விகிதம் எது வந்தாலும் "இதை மாற்றும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?" என்று கேளுங்கள். அரசுக்கோ கிளையன்டுக்கோ இருந்தால் அது கோடைத் தொடாமல் மாற்றக்கூடிய செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தேவை எண்ணை ஒவ்வொரு டெஸ்ட் கேஸிலும் ஜிரா (வேலைகளைக் குறித்து வைக்கும் மென்பொருள்) டிக்கெட்டிலும் எழுதி வைத்திருந்தால், கா-3 மாறும்போது எதையெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது ஒரு தேடலில் தெரிந்துவிடும். எந்தத் தேவைக்கு எந்த டெஸ்ட் என்று காட்டும் பெரிய மேட்ரிக்ஸ் (அட்டவணை) எல்லாம் சின்ன டீமுக்கு வேண்டாம், ஒரு வாரம் யாரும் பார்க்காவிட்டால் செத்துவிடும்.

படி 8: பக் எங்கே பிறந்தது?

டெஸ்டில் வரும் ஒவ்வொரு பக்குக்கும் (பிழைக்கும்) ஒரு கட்டம் சேருங்கள்: தேவை விடுபட்டதா, இரண்டு பொருள் தந்ததா, தவறாக இருந்ததா, நடுவில் மாறியதா, இல்லை தேவை சரியாக இருந்தும் கோடு பிசகியதா. ஆள் பெயர் அந்தக் கட்டத்தில் வரவே கூடாது, வந்தால் அடுத்த வாரமே எல்லாம் "கோடு" என்று ஆகிவிடும், அல்லது எல்லாம் "தேவை" என்று. மூன்று மாதம் சேர்த்துப் பார்த்தால் உங்கள் டீம் எந்தப் படியில் வழுக்குகிறது என்று தெரியும். எங்களுடையது விடுபடுதல். அதனால்தான் படி 1ஐப் பற்றி இவ்வளவு நீட்டினேன்.

காவடிச் செயலி ஓடுகிறது. அக்கா 60 நொடிக்குள் முடித்துவிடுகிறார். ஆனாலும் இந்த வருடமும் பக்கத்தில் நோட்டை வைத்திருந்தார். "எதற்கு அக்கா?" என்றேன். "சும்மா, தம்பி." திறந்து பார்த்தேன், கட்டங்கள் காலி, ஓரத்தில் மட்டும் பென்சிலில் மூன்று வரி இருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டேன்.